இடக்கை சொன்ன கணக்கு

என் மகன் வீட்டுக்குள் சட்டை இல்லாமல் நடமாடுவதை நிறுத்தி வெகுநாட்கள் ஆகியிருந்தன. அதை முதலில் கவனித்தவள் அவனுடைய உம்மாதான். மேலப்பாளையத்துக் கோடையில் ஆண்பிள்ளைகள் சாரமும் வெற்றுடம்புமாகத் திண்ணையில் கிடப்பது எல்லா வீடுகளிலும் காணும் காட்சி. மின்விசிறியும் அனலை வாரி வீசும் அந்நாட்களில், 18 வயதுப் பிள்ளை ஒருவன் இறுக்கமான பனியனும் அதன்மேல் தொளதொளத்த சட்டையுமாக அமர்ந்து வியர்த்துக் கொண்டிருந்தால் பெற்றவளுக்கு உறுத்தாமல் இருக்குமா?

"அவனுக்கு உடம்புக்கு என்னவோ இருக்கிறது. என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறான். நீங்கள்தான் கேட்க வேண்டும்" என்றாள். நான் வழக்கம்போல் கடைக் கணக்கைப் பார்த்துக்கொண்டே, "கேட்கலாம், கேட்கலாம்" என்று காலம் கடத்தினேன்.

2024 மே மாதத்தில் என் மச்சான் வீட்டுத் திருமணத்துக்கு வந்திருந்த பிள்ளைகள் அனைவரும் தாமிரபரணிக்குக் குளிக்கப் போனார்கள். என் மகன் மட்டும் படித்துறையில் எல்லாருடைய துணிகளுக்கும் காவலாக உட்கார்ந்திருந்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான்கு வயதிலேயே அந்த ஆற்றில் நீந்தக் கற்றவன் அவன். அதற்கடுத்த வாரம் அவனுடைய அலமாரியில் துணி மடித்து வைக்கப் போன அவன் உம்மா, கைக்குட்டையில் சுற்றியிருந்த ஒரு சிறு மருந்துக் குப்பியையும் இரண்டு ஊசிகளையும் கொண்டுவந்து என்முன் வைத்தாள். அவள் கை நடுங்கிற்று.

குப்பியின்மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். டெஸ்டோஸ்டிரோன் என்றிருந்தது. உடலை வேகமாகப் பெருக்குவதற்காகச் சில உடற்பயிற்சிக் கூடங்களில் கைமாறும் ஊசி மருந்து அது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவன் அறைக்குப் போகும் வழியில், கூடத்து நிலைக்கண்ணாடியில் என் உருவம் தெரிந்தது. வீட்டில்தான் இருக்கிறேன், இரவு 9 மணி, உடம்பில் கைவைத்த பனியன். நான் எந்த ஆண்டிலிருந்து இந்தப் பனியனைக் கழற்றாமல் இருக்கிறேன் என்ற கேள்வி அந்தக் கணத்தில் எழுந்தது. விடையும் உடனே கிடைத்தது: 1996.

மகனிடம் எதுவும் கேட்காமல் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

புளியமரமும் ஷார்ஜாவும்

என் வாப்பா தறி நெய்தவர். அக்காலத்தில் எங்கள் தெருவில் குழித்தறியின் ஓசை இல்லாத வீட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1987-ல், எனக்கு 15 வயதிருக்கும்போது, பக்கத்துத் தோட்டத்துப் புளியமரத்திலிருந்து விழுந்து இடப்பக்கக் காறை எலும்பை முறித்துக் கொண்டேன். கையைக் கழுத்தோடு தூளி கட்டி ஆறு வாரங்கள் வைத்திருந்தார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் வலிக்குப் பயந்து எல்லா வேலையையும் வலக்கைக்கே கொடுத்த பழக்கம் மட்டும் போகவில்லை. கிணற்று வாளி, அரிசிப் பை, சைக்கிளில் தம்பியை ஏற்றி இறக்குவது என எல்லாம் வலக்கைதான்.

தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்த காலத்தில், 1995-ல், நான் ஷார்ஜாவுக்குப் போனேன். ஒரு மொத்த வியாபாரக் கடையின் கிடங்கில் வேலை. பெட்டிகளை வலத்தோளில் ஏற்றி ஏற்றி இறக்குவேன். அறையில் எட்டுப் பேர். அவர்களில் இருவர் மாலையில் அருகிலிருந்த உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவார்கள். மறு ஆண்டு நானும் சேர்ந்தேன். பலகையில் மல்லாந்து படுத்து, இரு முனைகளிலும் எடைத் தகடுகள் மாட்டிய நீண்ட இரும்புக் கம்பியை மார்புக்கு இறக்கி ஏற்றும் பயிற்சிதான் அங்கே அனைவருக்கும் பிடித்தமானது. பெஞ்ச் பிரஸ் என்பார்கள். எவ்வளவு எடை தூக்குகிறாய் என்பதே அங்கே ஒருவருக்கு ஒருவர் கேட்டுக்கொள்ளும் நலம் விசாரிப்பு.

ஆறு மாதங்களில் என் வலப்பக்க மார்பு திரண்டு எழுந்தது. இடப்பக்கம் பழையபடியே தட்டையாக இருந்தது. அறையில் இருந்தவர்கள் எனக்கு "ஒன்றரை" என்று பட்டப்பெயர் சூட்டினார்கள். அவர்கள் விளையாட்டாகத்தான் சொன்னார்கள். எனக்கு அது இரவு உறக்கத்தைக் கெடுத்தது. ஊரில் எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருந்த நேரம் அது. வருகிறவள் என்ன நினைப்பாள் என்ற ஒரே எண்ணம். இடப்பக்கத்தை வளர்த்துவிட வேண்டும் என்று கம்பியில் எடையை மேலும் மேலும் கூட்டினேன். வலப்பக்கம் மேலும் வளர்ந்தது. இடத்தோளில் குத்தல் வலி வந்து சேர்ந்தது. அன்று அணியத் தொடங்கியதுதான் அந்தப் பனியன்.

பக்கத்து அறைக்காரர்

எங்கள் கட்டடத்தில் பக்கத்து அறையில் கேரளத்தைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர் தங்கியிருந்தார். தோள் வலி என்று சொல்லித்தான் அவரிடம் போனேன். மார்பைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. சட்டையைக் கழற்றச் சொன்னதும் அவருக்கே விளங்கிவிட்டது. ஆயினும் அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

அவர் உடனே எந்தப் பயிற்சியையும் சொல்லிவிடவில்லை. எப்போது முதல் இப்படி இருக்கிறது, சிறு வயதிலேயே இருந்ததா, பயிற்சி தொடங்கிய பின் வந்ததா என்று கேட்டார். இரு உள்ளங்கைகளையும் மார்புக்கு நேரே ஒன்றோடொன்று அழுத்தச் சொல்லி, இருபுறமும் தசை இறுகுகிறதா என்று தொட்டுப் பார்த்தார். குனியச் சொல்லி முதுகைப் பார்த்தார். விரல்களை விரிக்கச் சொல்லி இரு கைகளையும் ஒப்பிட்டார். மார்புக்கும் விரலுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு வியப்பாக இருந்தது. அவர் சொன்ன விளக்கத்தையும், பின்னாளில் நான் படித்து அறிந்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

மார்பின் பெரிய தசை விசிறியைப் போன்றது. அதன் விரிந்த பகுதி காறை எலும்பிலும், நடு மார்பெலும்பிலும், விலா எலும்புகளின் குருத்தெலும்புகளிலும் பற்றியிருக்கிறது. விசிறியின் பிடியைப் போல் ஒடுங்கிய முனை மேற்கை எலும்பில் போய்ச் சேர்கிறது. கையை உடலின் குறுக்கே கொண்டுவருவதும், உள்நோக்கித் திருப்புவதும், முன்னே தள்ளுவதும் அதன் வேலை. இத்தசை இரு பக்கமும் ஒன்றுபோல் தோன்றாமைக்குக் காரணங்கள் பல. எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றன்று.

முதலாவது, பழக்கம். ஒரு கையையே அதிகம் பயன்படுத்துவது, பழைய காயத்துக்குப் பின் ஒரு பக்கத்தை ஒதுக்கி வைப்பது, கம்பியைத் தூக்கும்போது பலமான பக்கம் கூடுதல் சுமையை எடுத்துக்கொள்வது ஆகியவை இதில் அடங்கும். இரண்டாவது, எலும்பின் அமைப்பு. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தால் விலாக்கூடு சற்றே திரும்பி, ஒரு பக்க மார்பை முன்தள்ளிக் காட்டும். அங்கே தசையில் குறை இல்லை. குனியச் சொல்லி முதுகைப் பார்த்தது இதற்காகத்தான். மூன்றாவது, நரம்பில் ஏற்பட்ட பழுது. தசைக்குக் கட்டளை கொண்டுவரும் நரம்பு நைந்தால் தசை மெலியும். நான்காவது, காம்பின் அடியிலுள்ள சுரப்பித் திசு வீங்குவது. வாலிபம் தொடங்கும் வயதில் பல ஆண்பிள்ளைகளுக்கு இது வருகிறது. ஒரு பக்கம் மட்டும் வருவதும் உண்டு. பெரும்பாலோர்க்கு ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே வடிந்துவிடும்.

ஐந்தாவது காரணத்துக்காகத்தான் அவர் என் விரல்களைப் பார்த்தார். சிலருக்குப் பிறவியிலேயே ஒரு பக்கத்துப் பெரிய மார்புத் தசையின் கீழ்ப்பகுதி உருவாகாமல் இருக்கும். அதே பக்கத்துக் கை சிறுத்தோ விரல்கள் ஒட்டியோ இருப்பதும் உண்டு. 1841-ல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் மாணவராக இருந்த ஆல்ஃபிரட் போலண்ட் இதை ஓர் உடலில் கண்டு எழுதி வைத்தார். அவர் பெயராலேயே அது இன்று போலண்ட் நோய்க்குறித்தொகுதி என அழைக்கப்படுகிறது. பெண்களைவிட ஆண்களிடமும், இடப்பக்கத்தைவிட வலப்பக்கத்திலும் இது அதிகம். பல்லாயிரம் பேரில் ஒருவருக்கே வருவது என்றாலும், அத்தகைய பிள்ளை ஒருவன் இல்லாத தசையை வளர்க்க ஆண்டுக்கணக்கில் இரும்பைத் தூக்கி மனமுடைந்து போவானே! வேண்டுமானால் அறுவைச் சிகிச்சையால் தோற்றத்தைச் சீராக்கலாம். எடைப் பயிற்சியால் அங்கே தசையை வரவழைக்க முடியாது.

என் விரல்கள் சரியாக இருந்தன. முதுகு நேராக இருந்தது. உள்ளங்கைகளை அழுத்தியபோது இடப்பக்கத் தசையும் இறுகியது. சற்று மெலிந்து இருந்தது, அவ்வளவே. "தசை இருக்கிறது, உறங்குகிறது" என்றார் மலையாளம் கலந்த தமிழில்.

கணக்குப்பிள்ளை

மறுநாள் அவர் என்னோடு உடற்பயிற்சிக் கூடத்துக்கு வந்தார். நீண்ட கம்பியை நான் தூக்குவதைப் பார்த்துவிட்டு, அது வலப்பக்கம் முதலில் ஏறுவதையும் இடப்பக்கம் பின்தங்கிச் சாய்வதையும் சுட்டிக்காட்டினார். நானாக அதை அறிந்ததே இல்லை. பிறகு 10 கிலோ டம்பெல் ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொரு கையாலும் தனித்தனியே தூக்கச் சொன்னார். இடக்கை 7 முறை தூக்கி ஓய்ந்தது. வலக்கை 14 முறை தூக்கியது.

"இன்று முதல் உங்கள் இடக்கைதான் கணக்குப்பிள்ளை. அது எத்தனை என்று எழுதுகிறதோ அத்தனையோடு வலக்கை நிறுத்திக்கொள்ள வேண்டும்" என்றார்.

அவர் வகுத்துத் தந்த முறை மிக எளியது. நீண்ட கம்பியைச் சில மாதங்களுக்குத் தொடக் கூடாது. வாரத்தில் இரண்டு நாள், இடையில் இரண்டு நாளாவது விட்டு, டம்பெல்லைக் கொண்டு ஒரு கைக்கு ஒரு முறையாகப் பயிற்சி. களைப்பு இல்லாத நேரத்தில் முதலில் இடக்கை. அது 7 முறை தூக்கினால் வலக்கைக்கும் அதே எடை, அதே 7 முறை. இப்படி மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு. இனி ஒன்றுகூட முடியாது என்னும் எல்லைவரை போகாமல் அதற்கு ஒன்றிரண்டு முன்பே நிறுத்திவிட வேண்டும். மூன்று சுற்றிலும் 12 முறை எட்டிய பிறகே அடுத்த எடைக்குப் போகலாம்.

தூக்கும் முறையையும் திருத்தினார். தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னோக்கி ஒடுக்கிப் பலகையில் பதித்துக் கொள்ள வேண்டும். முழங்கை உடலுக்குச் செங்கோணமாக விரியாமல் சற்றே உள்ளடங்கி இருக்க வேண்டும். இறக்கும்போது இரண்டு மூன்று விநாடி எடுத்துக் கொள்ள வேண்டும். இடத்தோள் முன்னே நழுவி வந்தால் சுமை மார்பை விட்டுத் தோளுக்குப் போய்விடும். என் குத்தல் வலிக்கு அதுவே காரணம் என்றார். முன்பக்கத்துக்கு எவ்வளவு தள்ளுகிறோமோ அதே அளவுக்கு, குனிந்து டம்பெல்லை இழுக்கும் பயிற்சியால் முதுகுக்கும் வேலை கொடுக்கச் சொன்னார். கிடங்குப் பெட்டிகளை ஒன்று விட்டு ஒன்று இடத்தோளில் ஏற்றச் சொன்னார்.

வலக்கை தன்னால் 14 முறை முடியும்போது 7 முறையோடு நிறுத்துவது எளிதன்று. "இடக்கைக்கு மட்டும் இரட்டிப்பு வேலை கொடுத்தால் என்ன? வலக்கையை அறவே நிறுத்திவிட்டால் என்ன?" என்று கேட்டேன். மெலிந்த பக்கத்தின்மேல் திடீரென்று சுமையைக் கூட்டினால் தசைநாண் புண்படும் என்றார். பெற்ற தசையைக் காப்பதற்கு, அதை உண்டாக்கச் செய்த உழைப்பில் ஒரு பங்கு போதும். ஆகவே வலப்பக்கம் நிற்கும் இடத்தில் நிற்கும், இடப்பக்கம் நடந்து வந்து சேர்ந்துகொள்ளும் என்றார். அப்போது எனக்கு வாப்பா தறியில் சொல்வது நினைவுக்கு வந்தது. பாவில் ஒரு பக்கம் தொய்ந்தால் துணி கோணும். தொய்ந்த பக்கத்தைத் தேடிப்போய் அதைத்தான் மெல்லச் சரி செய்வார்; மற்றப் பக்கத்தை மேலும் இழுக்க மாட்டார்.

மெலிந்த உறுப்பை எடையைக் கொண்டே மீட்பது புதிய எண்ணமன்று. இரண்டாம் உலகப் போரில் முழங்கால் காயமுற்று, ஒரு தொடை மட்டும் சூம்பிப்போன வீரர்கள் அமெரிக்க இராணுவ மருத்துவமனைகளில் மாதக்கணக்கில் கிடந்தார்கள். இலேசான பயிற்சியைப் பலநூறு முறை செய்வதே அன்றைய வழக்கம். தாமஸ் டிலோர்ம் என்ற இராணுவ மருத்துவர், கனமான எடையைச் சில முறை மட்டும் தூக்கச் செய்து, வலிமை கூடக் கூட எடையையும் படிப்படியாகக் கூட்டினார். 1945-ல் அவர் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் ஒரு திருப்புமுனை. இன்று உலகெங்கும் உடற்பயிற்சிக் கூடங்களில் வழங்கும் "10 முறை, மூன்று சுற்று" என்னும் கணக்கு அவருடைய வழியில் வந்ததேயாகும்.

முதல் இரண்டு மாதங்களில் கண்ணாடி எனக்கு எதையும் காட்டவில்லை. குறிப்பேடு காட்டியது. 7 என்பது 9 ஆயிற்று, 12 ஆயிற்று, 10 கிலோ பன்னிரண்டரை ஆயிற்று. தொடக்க வாரங்களில் கூடும் வலிமை பெரும்பாலும் நரம்புகள் வேலையைக் கற்றுக் கொள்வதால் வருவது. சதை திரள்வது கண்ணுக்குத் தெரியப் பின்னும் நாளாகும். ஆறாம் மாதம் அவர் அனுமதியோடு சோதித்துப் பார்த்தேன். 15 கிலோவை இடக்கை 12 முறையும் வலக்கை 14 முறையும் தூக்கின. ஓராண்டு கழிந்தபோது, தெரிந்து தேடுகிறவருக்கு அன்றிப் பிறருக்கு வித்தியாசம் தெரியாத நிலை வந்தது. முழுச் சமம் வரவில்லை. முறிந்து கூடிய காறை எலும்பு சற்றே குறுகிக் கூடியிருந்தது. எலும்பு எப்படியோ அப்படித்தான் அதன்மேல் பற்றிய தசையின் ஓரமும் இருக்கும். எந்தப் பயிற்சியும் அதை மாற்றாது.

"எந்த மனிதனுக்கும் இரு பக்கமும் சமமன்று" என்றார் அவர். வலது நுரையீரலுக்கு மூன்று மடல்கள், இடதுக்கு இரண்டு. இதயம் இடப்புறம் சாய்ந்திருக்கிறது. கல்லீரலின் பெரும்பகுதி வலப்புறம். உள்ளே இத்தனை ஏற்றத்தாழ்வோடுதான் நாம் நடமாடுகிறோம்.

1998-ல் எனக்குத் திருமணமாயிற்று. மார்பு ஏறக்குறையச் சீராகிவிட்டிருந்தது. பனியனை மட்டும் கழற்றவில்லை.

மொட்டைமாடியில்

இப்போது மீண்டும் அந்த மே மாத இரவுக்கு வருகிறேன். மகனை மொட்டைமாடிக்கு அழைத்தேன். குப்பியை அவன்முன் வைத்தேன். அவன் முகம் வெளுத்தது.

"எத்தனை போட்டாய்?"

"இரண்டு, வாப்பா."

"யார் கொடுத்தார்கள்?"

"ஜிம்முக்கு வருகிற ஒருவர். மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்றார்."

"எது சரியாகும்?"

அவன் பதில் சொல்லவில்லை. "உங்களுக்கு இது விளங்காது, வாப்பா" என்று மட்டும் முணுமுணுத்தான்.

நான் எழுந்து பனியனைக் கழற்றினேன். நிலா வெளிச்சத்தில் அவன் கையைப் பிடித்து என் காறை எலும்பின் புடைப்பில் வைத்து, "இதைத் தடவிப் பார்" என்றேன். புளியமரம் முதல் "ஒன்றரை" வரை எல்லாவற்றையும் சொன்னேன். பெற்ற பிள்ளையிடம் இதைச் சொல்வதற்கு எனக்கு ஏற்பட்ட கூச்சம் கொஞ்சமன்று. அவன் சிறிது நேரம் தலை குனிந்திருந்தான். பிறகு அவனாகவே சட்டைப் பொத்தான்களை அவிழ்த்தான். வலப்பக்க மார்பு இடப்பக்கத்தைவிட எழுந்து தெரிந்தது. இரண்டு ஆண்டுகளாக இப்படித்தான் என்றான். அதைச் சரிசெய்யவே உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்திருக்கிறான். அங்கே நான் செய்த தவற்றையே அவனும் செய்திருக்கிறான். அது போதாதென்று ஊசியும் சேர்ந்துகொண்டது.

"இதோ என்னிடம் மருந்து இருக்கிறது. இடக்கை கணக்குப்பிள்ளை" என்று பெருமிதத்தோடு தொடங்கினேன். நல்லவேளையாக அந்தப் பிசியோதெரபிஸ்ட் என் விரல்களை விரிக்கச் சொன்னது நினைவுக்கு வந்தது. முதலில் காரணம், பிறகே எடை. மறுநாளே திருநெல்வேலியில் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனேன்.

மருத்துவர் வலக்காம்பின் அடியில் விரலால் அழுத்திப் பார்த்தார். மகன் வலியில் முகம் சுளித்தான். அங்கே பொத்தானைப் போல ஒரு திரட்சி இருந்தது. அது தசையன்று, சுரப்பித் திசு. அதாவது அவனுடைய வித்தியாசத்தில் பாதிக்குமேல் தசையைச் சேர்ந்ததே இல்லை. எத்தனை ஆண்டு டம்பெல் தூக்கியிருந்தாலும் அது போயிருக்காது. இன்னும் கொடுமை என்னவெனில், வெளியிலிருந்து செலுத்தப்படும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி உடலுக்குள் பெண்மை இயக்குநீரான ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. அது இந்தச் சுரப்பித் திசுவை மேலும் வளர்க்கும். எதைப் போக்க அவன் ஊசி போட்டானோ அதையே ஊசி வளர்த்துக் கொண்டிருந்தது.

ஊசியின் மற்றத் தீங்குகளையும் மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். வெளியிலிருந்து வரும் மருந்தைக் கண்டு உடல் தன் சொந்தச் சுரப்பை நிறுத்திக்கொள்ளும். விந்தணு உற்பத்தி குறையும்; பிள்ளைப்பேற்றுக்கே தடையாகலாம். இரத்தம் தடிக்கும், நல்ல கொழுப்பு குறையும், இதயத்துக்குக் கேடு. கைமாறி வாங்கும் குப்பிக்குள் இருப்பது என்னவென்றே உறுதியில்லை. இவை தவிர நான் மகனிடம் சொன்ன ஒரு காரணம் உண்டு. ஊசி மருந்து இரத்தத்தில் கலந்து இரு பக்கங்களுக்கும் ஒன்றாகவே போகிறது. அதற்கு இடம் வலம் தெரியாது.

இரண்டு ஊசிகளோடு நின்றது எங்கள் நற்பேறு. இரத்தப் பரிசோதனைகளும் அல்ட்ராசவுண்டு பரிசோதனையும் செய்யப்பட்டன. அஞ்சத்தக்கதாக ஏதுமில்லை. இரண்டு ஆண்டு கடந்த திரட்சி முழுவதும் வடிவது அரிது. தொல்லை தந்தால் சிறு அறுவைச் சிகிச்சையால் அகற்றலாம். அவசரமில்லை என்றார் மருத்துவர். தசையிலிருந்த வித்தியாசத்துக்கு மட்டும் எடைப் பயிற்சியைத் தொடரலாம் என்று அனுமதித்தார். அங்கேதான் கணக்குப்பிள்ளைக்கு வேலை வந்தது.

வாரம் இரண்டு நாள்

கடையின் பின்கட்டில் ஒரு பலகையும் இரண்டு டம்பெல்களும் வாங்கிப் போட்டேன். ஞாயிறும் புதனும் அசருக்குப் பின் நாங்கள் இருவரும் அங்கே இருப்போம். அவனுக்கு 10 கிலோவில் இடக்கை 9, வலக்கை 13 என்று தொடங்கிற்று. எழுதுவது என் பொறுப்பு. வலக்கை ஒன்று கூடுதலாகத் தூக்க எத்தனித்தால், "கணக்குப்பிள்ளை கையெழுத்துப் போடவில்லை" என்பேன். சிரித்துக்கொண்டே இறக்கி வைப்பான்.

உணவுக்காகப் புட்டிப் பொடிகள் எதையும் வாங்கவில்லை. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு சுமார் 1.6 கிராம் புரதம் கிடைத்தால் தசை வளர்ச்சிக்குப் போதும் என்பது இன்றைய ஆய்வுகளின் முடிவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக் கொள்ள வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் அளவு இருக்கிறது. மீன் ஆணமும் பயறும் பாலும் நம் வீடுகளுக்குப் புதியனவா? நோன்பு மாதத்தில் சுற்றுகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து, நோன்பு திறந்து இரண்டு மணி நேரம் கழித்துச் செய்தோம். அந்த மாதம் எடை ஏறவில்லை, இறங்கவும் இல்லை.

ஓராண்டில் அவனுடைய கைகள் இரண்டும் 12 என்ற ஒரே எண்ணில் வந்து நின்றன. தசையின் வித்தியாசம் பெரிதும் குறைந்துவிட்டது. திரட்சியின் வலி போயிற்று. திரட்சி சிறிதளவு இருக்கிறது. அறுவைச் சிகிச்சை செய்து கொள்கிறாயா என்று கேட்டேன். "இப்போது வேண்டாம், வாப்பா. தோன்றினால் சொல்கிறேன்" என்றான். தீர்மானிக்க வேண்டியவன் அவன்தான்.

பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது இது. பிள்ளை வீட்டில் சட்டையைக் கழற்றத் தயங்கினால், ஆற்றிலோ குளத்திலோ இறங்க மறுத்தால், அதை வாலிப வயதின் வீம்பு என்று தள்ளிவிடாதீர்கள். ஏளனம் செய்யாமல் கேளுங்கள். சிறு வயது முதலே ஒரு பக்கம் தட்டையாக இருந்தாலும், காம்பின் அடியில் திரட்சியோ வலியோ இருந்தாலும், ஒரு பக்கம் திடீரென மெலிந்தாலும், முதுகு கோணலாகத் தெரிந்தாலும், டம்பெல்லைத் தொடுமுன் மருத்துவரிடம் காட்டுங்கள். வயது முதிர்ந்த ஆண்களுக்கு ஒரு பக்கம் மட்டும் கெட்டியான கட்டி தென்பட்டால் ஒருநாளும் தாமதிக்கக் கூடாது. மார்பகப் புற்றுநோய் ஆண்களுக்கும் வரும். எல்லாம் பார்த்து, பழக்கத்தால் வந்த வித்தியாசமே என்று தெரிந்துவிட்டால், மெலிந்த கையைக் கணக்குப்பிள்ளையாக்கி ஓராண்டு பொறுமையாக இருங்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்த அன்றிரவு, பனியன் இல்லாமலே கூடத்தில் உட்கார்ந்தேன். என் மனைவி ஏன் என்று கேட்டாள். அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"இதற்காகவா 26 வருஷமாகப் பனியனோடு வெந்து கிடந்தீர்கள்?" என்றாள்.

கடந்த கோடையில் என் மகன் தாமிரபரணியில் இறங்கிக் குளித்தான். அன்று படித்துறையில் துணிகளுக்குக் காவல் இருந்தவன் நான்.